பவுச் மெஷின் கோவையிலிருந்து நியூ ஜெர்சி போக: எச்.எஸ். கோடு, ஃபிரெய்ட் கிளாஸ், மரப்பெட்டி

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். கோவையில் செய்த செங்குத்து பவுச் மெஷின் ஒன்று, அதன் மேலே உட்கார்ந்து சரக்கை எடை போடும் 10 தலை வெய்யர், சரக்கை மேலேற்றும் இசட் எலிவேட்டர், கொஞ்சம் ஸ்பேர். நியூ ஜெர்சியில் முறுக்கும் மிக்சரும் பாக்கெட் போடும் ஒரு நிறுவனத்துக்குப் போக வேண்டும். என்ன எச்.எஸ். கோடு (பொருளுக்கான சுங்க எண்) போடுவது, அங்கே லாரிக்காரர் கேட்கும் ஃபிரெய்ட் கிளாஸ் என்றால் என்ன, அடிபடாமல் எப்படிக் கட்டுவது என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

இவை மூன்று தனி வேலைகள் போலத் தெரிகின்றன. ஆனால் மெஷினை எப்படிக் கழற்றி எந்த அளவுப் பெட்டியில் வைக்கிறோம் என்பதுதான் கப்பல் கட்டணத்தையும் லாரி கிளாஸையும் இழப்பீட்டையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. மெஷின் டிரையல் முடிகிறது, ஆசாரி வந்து நின்ற நிலையிலேயே அளவெடுத்துப் பெட்டி அடிக்கிறார், அதற்குப் பிறகுதான் கட்டணம் விசாரிக்கிறார்கள். டிரையல் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே பெட்டியின் படம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். எச்.எஸ். கோடு சுங்கத்துக்கு. பொருள் என்ன, என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்து வருவது. ஃபிரெய்ட் கிளாஸ் அமெரிக்க உள்நாட்டு லாரிக்கு மட்டும். பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, எவ்வளவு சிரமம் தருகிறது என்பதைப் பார்த்து வருவது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்டுபிடிக்க முடியாது.

எச்.எஸ். கோடு

பேக்கிங் மெஷின்களின் வீடு 8422. அதற்குள் 8422.30 என்பது பாட்டில், டப்பா, பெட்டி, பை முதலியவற்றை நிரப்பும், மூடும், சீல் செய்யும், லேபிள் ஒட்டும் இயந்திரங்கள். 8422.40 என்பது மற்ற பேக்கிங், சுற்றுதல் இயந்திரங்கள். சூட்டில் சுருங்கும் ஃபிலிம் சுற்றுவதும் இதில் அடக்கம். உதிரி பாகங்களுக்கு 8422.90.

உங்கள் மெஷின் ஃபிலிமைக் காலர் என்ற வளைவுத் தகட்டில் வளைத்துப் பையாக்கி, அதை நிரப்பி, சீல் வைக்கிறது. பையை நிரப்பி சீல் செய்வதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுவது 8422.30 என்பதால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிஸ்கட்டைச் சுற்றும் ஃப்ளோ ராப் மெஷினாக இருந்தால் 8422.40 பக்கம் சாயும். இந்த எல்லையில் வாதம் எழுவது உண்டு. ஆகவே இங்கே கிளியரிங் ஏஜென்ட் சொல்லும் எண்ணை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம். முதல் ஆறு இலக்கம்தான் உலகம் முழுக்கப் பொது. இந்தியாவில் அது எட்டு இலக்கம், அமெரிக்காவில் பத்து இலக்கம். அங்கே வரி கட்டுபவர் வாங்குபவர்தான். அமெரிக்கச் சுங்கத்துக்குப் படமும் விளக்கமும் அனுப்பி, கட்டுப்படுத்தும் எழுத்துபூர்வ முடிவைக் கட்டணமில்லாமல் கேட்டு வாங்கலாம். வழக்கமாக 30 நாளில் பதில் வரும். இதே மாடலை அடுத்தடுத்து அனுப்பும் எண்ணம் இருந்தால் முதல் மெஷினுக்கே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வெய்யரும் எலிவேட்டரும் தனியாகப் போனால் தனி எண்கள். குறிப்பிட்ட எடையைப் பையில் கொட்டும் தராசுக்கு 8423.30, பக்கெட் எலிவேட்டருக்கு 8428.32. ஆனால் மூன்றும் ஒரே வேலைக்காக, ஒன்றோடொன்று இணைந்து இயங்க, ஒரே கன்சைன்மென்டில் போனால் எச்.எஸ். அட்டவணையின் 16-ஆம் பிரிவின் 4-ஆம் குறிப்பு உதவிக்கு வரும். தனித்தனிப் பாகங்களானாலும் தெளிவான ஒரே பணியைச் சேர்ந்து செய்தால், அந்தப் பணிக்குரிய தலைப்பிலேயே எல்லாம் வரும் என்கிறது அது. அப்போது மொத்த லைனும் 8422.30. இதற்கு இன்வாய்ஸும் ஒத்துழைக்க வேண்டும். 'வெய்யர் 1, எலிவேட்டர் 1, பவுச் மெஷின் 1' என்று மூன்று பொருளாக எழுதாமல், 'முழுமையான பவுச் பேக்கிங் லைன் 1, கீழ்க்கண்ட யூனிட்கள் அடங்கியது' என்று எழுதி, பெட்டி வாரியாகப் பிரிவைக் காட்டுங்கள். லேஅவுட் படத்தையும் இணையுங்கள். எலிவேட்டர் அடுத்த கப்பலில் போகிறது என்றால் இந்த வாதம் பலமிழந்துவிடும்.

ஸ்பேரை மெஷின் விலைக்குள் கலக்க வேண்டாம். பேரிங்குக்கு 8482, மோட்டாருக்கு 8501, ரப்பர் டைமிங் பெல்ட்டுக்கு 4010, கார்ட்ரிட்ஜ் ஹீட்டருக்கு 8516.80 என்று சொந்தத் தலைப்பு உள்ளவை அதிலேயே போகும். காலர், ஜா (பையை அழுத்தி சீல் வைக்கும் தாடை) போல இந்த மெஷினுக்கென்றே செய்தவைதான் 8422.90.

ஃபிரெய்ட் கிளாஸ்

பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் லாரி சேவையை அமெரிக்காவில் எல்.டி.எல். என்பார்கள். நம் ஊர் பார்சல் சர்வீஸ் லாரி போன்றது. அதற்கான வகைப்பாட்டில் 50 முதல் 500 வரை 18 கிளாஸ்கள். எண் கூடக் கூடக் கட்டணம் கூடும். அடர்த்தி, கையாளும் சிரமம், பிற சரக்கோடு சேர்த்து அடுக்க முடிவது, சேதப் பொறுப்பு ஆகிய நான்கையும் பார்த்துக் கிளாஸ் வைப்பது வழக்கம். 2025 ஜூலையில் வந்த பெரிய மாற்றத்தில் மிகப் பல பொருள்கள் அடர்த்தி அளவுகோலுக்கே மாறின. இப்போது அந்த அளவுகோலில் 13 படிகள். ஒரு கன அடிக்கு எத்தனை பவுண்டு என்பதுதான் கணக்கு.

உங்களுக்குத் தேவைப்படக்கூடிய படிகள் இவை: 4 முதல் 6-க்குள் என்றால் கிளாஸ் 175, 6 முதல் 8-க்குள் 125, 8 முதல் 10-க்குள் 100, 10 முதல் 12-க்குள் 92.5, 12 முதல் 15-க்குள் 85, 15 முதல் 22.5-க்குள் 70.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பவுச் மெஷின் 540 கிலோ, பெட்டி 118 கிலோ, மொத்தம் 658 கிலோ என்று வையுங்கள். பவுண்டில் 1450. பெட்டியின் வெளி அளவு 72 அங்குல நீளம், 48 அகலம், 84 உயரம். மூன்றையும் பெருக்கி 1728-ஆல் வகுத்தால் 168 கன அடி. 1450-ஐ 168-ஆல் வகுத்தால் 8.63. கிளாஸ் 100.

அதே மெஷினில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபார்மிங் டியூபையும், ஹாப்பரையும், சிக்னல் லைட் கம்பத்தையும் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்தால் உயரம் 72 அங்குலமாகிறது. 144 கன அடி, அடர்த்தி 10.07. கிளாஸ் 92.5. மூன்று பாகத்தைக் கழற்றியதற்கு ஒரு கிளாஸ் இறங்கியது.

ஆனால் 10.07 என்பது நூலிழை. லாரி டெர்மினலில் இப்போது சரக்கை ஸ்கேனர் அளக்கிறது. பெட்டியின் ஆக வெளியே துருத்தும் புள்ளிதான் அளவு. போல்ட் தலையும், பிதுங்கிய பிளைவுடும், மூலைத் தகடும் கணக்கில் சேரும். ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் கூடி 73, 49, 73 ஆனால் 151 கன அடி, அடர்த்தி 9.6. மறுபடியும் கிளாஸ் 100, கூடவே மறு ஆய்வுக் கட்டணம். உயரத்தை 68 அங்குலத்துக்குக் கொண்டுவர முடிந்தால் அடர்த்தி 10.66. அப்போது அந்த ஒரு அங்குலத் தவறு வந்தாலும் 10.15-இல் நிற்கும். ஆகவே படியின் விளிம்பில் நிற்காமல் உள்ளே தள்ளி நிற்கும் அளவுக்குப் பெட்டியை வடிவமைக்கச் சொல்லுங்கள். ஆணி அடித்து முடித்த பிறகு நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து, எடை மேடையின் சீட்டோடு படம் எடுத்து அனுப்புங்கள். லாரி கம்பெனி கிளாஸை உயர்த்தினால் எதிர்த்துப் பேச அந்தப் படங்கள்தான் கையில் இருக்கும்.

எடையைக் கூட்டிச் சொன்னால் அடர்த்தி கூடுமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அங்கே மறு எடை போடுவார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அந்த எண்ணை நம்பித்தான் தூக்குகிறார் என்பது அதைவிட முக்கியம்.

இந்த உயரக் குறைப்பு கடலிலும் பலன் தரும். கன்டெய்னரைப் பலர் பகிரும் எல்.சி.எல். முறையில் கன மீட்டருக்கு அல்லது டன்னுக்கு, எது அதிகமோ அதற்குக் கட்டணம். 84 அங்குலப் பெட்டி 4.76 கன மீட்டர், 72 அங்குலப் பெட்டி 4.08. இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 20 அடி கன்டெய்னரின் உள் உயரம் சுமார் 2.39 மீட்டர். பெட்டி 2.13 மீட்டர் இருந்தால் மேலே வைக்க யாருக்கும் இடமில்லை. 1.83 ஆனதும் அரை மீட்டர் இடைவெளி கிடைக்கிறது. அதில் வேறு யாருடைய மூட்டையோ டப்பாவோ ஏறிவிடும். 'மேலே அடுக்காதே' என்ற ஸ்டிக்கர் தடுக்காது. உயரம் குறைத்தால் பெட்டியின் மூடிக்கு அடியில் குறுக்குச் சட்டங்களைக் கூட்டிப் போட்டு, சுமை பக்கவாட்டுக் கால்கள் வழியாகக் கீழே இறங்கும்படி செய்துவிட வேண்டும்.

முழு 20 அடி கன்டெய்னரையே எடுத்து, நியூயார்க் நியூ ஜெர்சி துறைமுகத்திலிருந்து நேரே ஆலை வாசலுக்கு இழுத்துப் போனால் ஃபிரெய்ட் கிளாஸ் என்ற பேச்சே எழாது. மூன்று பெட்டி சேர்ந்து 10 கன மீட்டரைத் தாண்டினால் இரண்டு வழிக்கும் விலை வாங்கிப் பாருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் நான் முழுக் கன்டெய்னரையே சொல்வேன். எல்.சி.எல். வழியில் இங்கே கிடங்கில் ஒருமுறை, அங்கே கிடங்கில் ஒருமுறை, லாரி டெர்மினல்களில் இரண்டு மூன்று முறை என்று ஃபோர்க்லிஃப்ட் பெட்டியைத் தொடுகிறது. சேதத்தில் பெரும் பங்கு அந்தத் தூக்கி இறக்கும் நேரங்களில்தான் நடக்கிறது. கோவையிலிருந்து கொச்சி வல்லார்பாடம் பாலக்காட்டுக் கணவாய் வழியே 200 கிலோமீட்டருக்குள். தூத்துக்குடி அதைவிடத் தூரம். கப்பல் தேதியையும் காலி கன்டெய்னர் கிடைப்பதையும் பார்த்து முடிவு செய்யலாம்.

மெஷினைத் தயார் செய்வது

பெட்டிக்கு வெளியே இருக்கும் ஆபத்தைவிட மெஷினுக்குள் ஆடும் பாகங்கள்தான் அதிகம் கெடுக்கும். வாரக்கணக்கில் ஓயாத அதிர்வு என்பதை மனதில் வைத்துப் பாருங்கள்.

வெய்யரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் விலை உயர்ந்ததும் மென்மையானதும். வெயிங் பக்கெட்டுகளையும் ஃபீட் பக்கெட்டுகளையும் கழற்றி, தலை எண் எழுதி, தனி அட்டைப் பெட்டியில் நுரை வைத்து அடுக்குங்கள். பக்கெட் தொங்கியபடியே போனால் ஒவ்வொரு குலுக்கலும் எடையை உணரும் லோட் செல்லின் மேல் விழும். லோட் செல் உடைந்து போகாது, ஜீரோ நகர்ந்துவிடும். அங்கே போய் ஓட்டும்போது எடை அலைபாயும், காரணம் தெரியாமல் இரண்டு நாள் போகும். தயாரிப்பாளர் கொடுத்த டிரான்ஸ்போர்ட் பிராக்கெட்டைச் சிவப்புப் பெயின்ட் அடித்து மாட்டி, 'ஓட்டும் முன் கழற்றவும்' என்று ஆங்கிலத்தில் டேக் கட்டுங்கள். நடுவில் உள்ள வைப்ரேட்டர் கூம்பையும் அதேபோல் பூட்ட வேண்டும்.

பவுச் மெஷினில், ஃபிலிமின் இழுவையைச் சீராக்க மேலும் கீழும் ஆடும் டான்சர் ரோலரை நைலான் டையால் கட்டிப் போடுங்கள். ஜாவுக்கு நடுவே மெல்லிய மரத்துண்டோ ரப்பரோ வைத்து மூடுங்கள். வெறுமனே மூடினால் பல் வெட்டிய சீலிங் முகமும் கத்தியும் ஒன்றையொன்று உரசும். கத்தியைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. ஃபார்மிங் காலரின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் நசுங்கினாலும் ஃபிலிம் ஒரு பக்கம் இழுக்கும், ஆகவே அதற்குத் தனிப் பெட்டி. ஃபிலிம் ரோலை மெஷினிலேயே விட்டுவிடக் கூடாது. 20 கிலோ ரோல் ஒரு முனையில் மட்டும் தாங்கும் ஷாஃப்டில் தொங்கினால் அதை வளைத்துவிடும்.

மின் பேனலுக்குள் கான்டாக்டர், ரிலே, பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) கார்டு எல்லாவற்றின் திருகையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். சாக்கெட்டில் குத்திய ரிலேக்களுக்குக் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். டச் ஸ்கிரீனின் முன்பக்கம் அட்டையும் நுரையும். கேபிள் நுழையும் துளைகளை அடைத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். சாவியை மெஷினிலேயே தொங்கவிடாமல் ஆவணக் கவரில் போட்டு, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பேக்கிங் லிஸ்டில் எழுதுங்கள்.

காற்று வரும் ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் சொட்டும் இருக்கக் கூடாது. ஜனவரியில் நியூ ஜெர்சி கிடங்கில் அது உறைந்தால் கிண்ணம் விரிசல் விடும். கியர் பாக்ஸில் மூச்சுத் துளை பிளக்கை எடுத்துவிட்டு அடைப்பு பிளக் போடுங்கள். வேக்யூம் பம்ப் எண்ணெயை வடித்துவிட்டு அதையும் டேக்கில் எழுதுங்கள், இல்லையென்றால் யாராவது வெறும் பம்பை ஓட்டிவிடுவார்கள்.

அபாயகரப் பொருள் என்று நாம் நினைக்காத சில சங்கதிகள் இங்கே ஒளிந்திருக்கும். இங்க்ஜெட் தேதிக் கோடர் கூடப் போகிறது என்றால் அதன் மையும் கரைப்பானும் எளிதில் தீப்பற்றும் திரவம், அபாயகரப் பொருள்களுக்கான ஐ.நா. எண்ணில் யு.என். 1210. அதை மெஷினோடு அனுப்பாமல் அங்கேயே வாங்கச் சொல்லுங்கள்; பயன்படுத்திய கோடரானால் உள்ளே மை மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். லூப்ரிகன்ட் ஸ்ப்ரே டப்பா யு.என். 1950. டூல் கிட்டில் யாரோ அன்போடு போட்டு வைக்கும் ஒரு டப்பா மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடும். பாதுகாப்புக் கதவைத் தூக்கும் கேஸ் ஸ்பிரிங் யு.என். 3164-இன் கீழ் வரும். நிபந்தனைக்கு உட்பட்டால் விலக்கு உண்டு, அதற்குத் தயாரிப்பாளரின் காகிதம் கையில் இருக்கட்டும். பி.எல்.சி. போர்டிலேயே பொருத்திய பட்டன் செல் பிரச்சினை இல்லை. ஸ்பேராகத் தனியே போடும் லித்தியம் பேட்டரி வேறு கதை, அது யு.என். 3090.

பெட்டியின் அடிப்பாகம்

பெட்டி என்றதும் சுவரைப் பார்க்கிறார்கள். உயிர் அடிப்பாகத்தில் இருக்கிறது. 100க்கு 100 மில்லிமீட்டர் கட்டைகள் மூன்று, நீளவாக்கில். அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகள். மெஷினின் லெவலிங் கால்களைக் கழற்றிவிட்டு, ஃபிரேமே நேராகக் கட்டையில் உட்கார வேண்டும். லெவலிங் திருகின் மேல் நிற்க வைத்துக் கட்டினால் முதல் வேகத்தடையிலேயே திருகு வளையும், ஃபிரேமின் நட்டு பிய்ந்து வரும். கால் துளை வழியாக எம்16 போல்ட் நான்கு, கட்டையை ஊடுருவிக் கீழே பெரிய தகடு வாஷரோடு. மேலிருந்து மரத்துக்குள் முறுக்கும் திருகு வேண்டாம். ஈரம் காய்ந்ததும் பிடி விட்டுவிடும். மெஷினுக்கும் சுவருக்கும் நான்கு பக்கமும் குறைந்தது 75 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஃபோர்க் நுனி பிளைவுடைக் குத்தினாலும் மெஷினைத் தொடக் கூடாது.

எடை மையத்தைக் குத்துமதிப்பாக வரைய வேண்டாம். அடிக்கட்டையின் இரு முனைக்கும் ஒவ்வொரு தராசு வைத்துப் பாருங்கள். தாங்கும் புள்ளிகளுக்கு இடையே 150 சென்டிமீட்டர், முன்னால் 258 கிலோ, பின்னால் 400 கிலோ என்று வந்தால், மையம் முன்புள்ளியிலிருந்து 400-ஐ 658-ஆல் வகுத்து 150-ஆல் பெருக்கிய தூரம், அதாவது 91 சென்டிமீட்டர். அந்த இடத்தில் பெட்டியின் இரு பக்கமும் எடை மையக் குறி, அதற்கு இருபுறமும் சம தூரத்தில் ஃபோர்க் நுழையும் இடம். பேனல் ஒரு பக்கம் இருப்பதால் மையம் நடுவில் இருக்கவே இருக்காது.

மரம், பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15-இன் முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸை எட்டி 30 நிமிடம் நின்றதற்கு அடையாளமான எச்.டி. குறியும், ஐ.என். என்ற நாட்டுக் குறியும் பதிவு எண்ணும் எதிரெதிர் பக்கங்களில் தெரிய வேண்டும். பிளைவுடுக்கு இந்த விதி இல்லை. ஆனால் பிளைவுட் பெட்டிக்குள் மெஷினை முட்டுக் கொடுக்க வைக்கும் நான்கு துண்டு மரமும் முத்திரை உள்ளதாகவே இருக்க வேண்டும். அதில்தான் வழக்கமாகக் கோட்டை விடுகிறார்கள். கன்டெய்னரில் முட்டுக் கொடுக்கும் கட்டையும் அப்படித்தான். ஃப்யூமிகேஷன் சர்டிஃபிகேட் முத்திரைக்கு மாற்றாகாது. 2017 நவம்பரிலிருந்து அமெரிக்கச் சுங்கம் முதல் தவறுக்கே அபராதம் போடலாம். சரக்கைத் திருப்பி அனுப்பவும் சொல்லும்.

பச்சை மரம் வேண்டாம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால், மூடிய கன்டெய்னரில் அந்த ஈரமே பகலில் ஆவியாகி இரவில் கூரையிலிருந்து சொட்டும். மெஷினைத் துருத் தடுக்கும் வி.சி.ஐ. ஃபிலிமால் சுற்றி, அதன் மேல் அலுமினிய ஃபாயில் பை போட்டுக் காற்றை இழுத்து சீல் வைப்பது சரியான முறை. சிலிக்கா ஜெல் ஃபாயிலுக்குள்ளே இருக்க வேண்டும். வெளியே வைத்தால் கன்டெய்னர் காற்றை உலர்த்தப் பார்த்து ஒரு நாளில் நிறைந்துவிடும். வெறும் பாலித்தீனைச் சுற்றி அடியைத் திறந்து விடுவதுதான் ஆக மோசமான நடுவழி: ஈரம் ஏறும், இறங்க வழியிருக்காது.

கன்டெய்னருக்குள்

பெருங்கடலில் பக்கவாட்டு ஆட்டத்துக்கு 0.8 ஜி (எடையின் 0.8 மடங்கு விசை) என்று கணக்கு வைக்கச் சொல்கிறது, கன்டெய்னரில் சரக்கு ஏற்றுவதற்கான சர்வதேச வழிகாட்டியான சி.டி.யு. கோட். 658 கிலோவுக்கு அது 526 கிலோ விசை. மரத்துக்கும் இரும்புக்கும் உராய்வு 0.3 என்று கொண்டால் உராய்வு தாங்குவது 197. மீதி 329-ஐக் கட்டையோ பெல்ட்டோ தாங்க வேண்டும். அடியில் உராய்வு ரப்பர் பாய் விரித்தால் 0.6, அப்போது மீதி 131தான். சில நூறு ரூபாய்ப் பாய் பாதிக்கு மேல் வேலையைச் செய்கிறது.

சறுக்குவதைவிடக் கவிழ்வது மோசம். பெட்டியின் அகலம் 122 சென்டிமீட்டர், பாதி 61. அதை 0.8-ஆல் வகுத்தால் 76. எடை மையம் தரையிலிருந்து 76 சென்டிமீட்டருக்கு மேலே இருந்தால் அந்த ஆட்டத்தில் பெட்டி தானாகவே சாயும். பவுச் மெஷினுக்கு அது எளிதாக 95 வரை வரும். அதே பெட்டியைத் திருப்பி 183 சென்டிமீட்டர் பக்கம் கன்டெய்னரின் குறுக்கே இருக்கும்படி வைத்தால், பாதி 91, எல்லை 114. சாயாது. கன்டெய்னர் உள்ளகலம் 2.35 மீட்டர் என்பதால் தாராளமாக நிற்கும். எடை மையம் ஒரு பக்கம் தள்ளி இருந்தால் பாதி அகலத்துக்குப் பதிலாக அருகிலுள்ள விளிம்புத் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் உள்ள கொக்கி ஒவ்வொன்றும் 1000 கிலோவுக்கு, மூலைத் தூணில் உள்ளவை 500 கிலோவுக்கு என்பதையும் பெல்ட் கட்டுபவருக்குச் சொல்லுங்கள்.

சாய்வு காட்டும் ஸ்டிக்கரும் அதிர்ச்சி காட்டும் ஸ்டிக்கரும் பெட்டியின் இரு பக்கம் ஒட்டி, எண்களைப் பில் ஆஃப் லேடிங் என்ற சரக்கு ரசீதிலோ பேக்கிங் லிஸ்டிலோ எழுதுங்கள். எடை கூடிய பெட்டிக்கு ஜி அளவு குறைந்த ஸ்டிக்கர்தான் பொருந்தும். சிறு பார்சலுக்கான 75 ஜி ஸ்டிக்கர் இந்தப் பெட்டியில் எதற்கும் சிவக்காது.

காகிதமும் காப்பீடும்

முழுக் கன்டெய்னரானால் எடையைச் சரிபார்த்துக் கொடுக்கும் வி.ஜி.எம். 2016 ஜூலை முதல் கட்டாயம். அமெரிக்காவுக்கு ஐ.எஸ்.எஃப். என்ற இறக்குமதியாளரின் முன்தகவலைக் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பு வாங்குபவர் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் 5000 டாலர் வரை அபராதம். அதில் எச்.எஸ். எண்ணின் முதல் ஆறு இலக்கமும், கன்டெய்னர் நிரப்பப்பட்ட இடமும் கேட்பார்கள். ஆகவே கோடு பற்றிய முடிவு கப்பல் ஏறும் முன்பே தேவை. மெஷினின் பெயர்ப்பலகையில் இந்தியத் தயாரிப்பு என்பது ஆங்கிலத்தில் அழியாதபடி இருக்கட்டும்.

காப்பீட்டை இன்வாய்ஸ் மதிப்பின் 110 சதவீதத்துக்கு, சரக்குக் காப்பீட்டு விதிகளில் மிக விரிவான ஐ.சி.சி. 'ஏ' விதியில் எடுங்கள். சி.ஐ.எஃப். (கடல் கட்டணமும் காப்பீடும் விலைக்குள்) என்று விலை பேசினால் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்ச 'சி' மட்டுமே. அது தூக்கி இறக்கும்போது விழுந்த பெட்டிக்குப் பணம் தராது. கன்டெய்னர் சரக்குக்கு, போக்குவரத்தும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.பி. பொருத்தம், 2020 இன்கோடெர்ம்ஸ் என்ற வணிக விதிகளின்படி அதில் 'ஏ' எடுக்க வேண்டும். ஆனால் 'ஏ'விலும் பேக்கிங் போதாமையால் வந்த சேதத்துக்கு விலக்கு உண்டு. மேலே சொன்ன போல்ட், முட்டு, ஃபாயில் எல்லாவற்றையும் பெட்டி மூடும் முன் படம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கப்பல் கம்பெனியே கொடுத்துவிடும் என்று காப்பீட்டை விடுபவர்களுக்கு ஒரு எண்: அமெரிக்கக் கடல் சரக்குச் சட்டத்தில், மதிப்பை முன்கூட்டியே அறிவிக்காவிட்டால் பொறுப்பு ஒரு பேக்கேஜுக்கு 500 டாலர். உங்கள் 658 கிலோ பெட்டி ஒரு பேக்கேஜ்.

இறக்குமிடம்

ஆலையில் லாரி உயரத்துக்கு டாக் (சரக்கு இறக்கும் மேடை) இருக்கிறதா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். கன்டெய்னர் தரை நிலத்திலிருந்து ஏறக்குறைய 4 அடி மேலே நிற்கும். டாக் இல்லையென்றால், லாரியின் பின்னால் ஏறி இறங்கும் பலகையான லிஃப்ட்கேட் போதும் என்பார்கள். பெட்டியின் எடை அதன் திறனுக்குள் இருக்கலாம், ஆனால் 72 அங்குல நீளத்துக்கு அதன் பலகை போதுமா என்று பார்க்க வேண்டும். மேல்கனம் உள்ள பெட்டி அந்தப் பலகையில் நின்றால் பின்னால் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. மெஷின் இறக்கும் ரிக்கரை அமர்த்தச் சொல்லுங்கள்.

வாங்குபவருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு அனுப்புங்கள். கையெழுத்துக்கு முன் ஸ்டிக்கர்களைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தாலும் பெட்டி உடைந்திருந்தாலும் எங்கே, எவ்வளவு என்று டெலிவரி ரசீதில் எழுத வேண்டும். 'பிறகு சோதிக்கப்படும்' என்று எழுதுவதற்கு மதிப்பில்லை. வெளியே தெரியாத சேதத்தை எல்.டி.எல். லாரிக்கு 5 வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆலையில் மின்சார வேலை முடியட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமல் ஒரு மாதம் வைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது நான்கு போல்ட், வெய்யர் பிராக்கெட், ஃபாயிலின் சீல். கழற்றிய சிவப்பு பிராக்கெட்டுகளையும் அடிக்கட்டையையும் எறிய வேண்டாம் என்றும் அதே குறிப்பில் எழுதுங்கள். மெஷினை வேறு ஷெட்டுக்கு மாற்றும் நாளில் அவை மறுபடி வேண்டும்.